சுனையில் எடுத்த நாற்பத்தொரு பை மண்

கல்வராயன் மலையில் வெள்ளிச் சுரங்கம் கிடைத்ததா என்று என்னிடம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் முடிவெட்டும் கடையில் கேட்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது கேட்கிறார்கள். கிடைக்கவில்லை என்று சொன்னால் ஒரு மாதிரிச் சிரிக்கிறார்கள். கிடைத்ததை நான் எங்கேயோ பதுக்கிவிட்டேன் என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள். பதுக்கியிருந்தால் ஒழுகும் இந்தக் கூரையை முதலில் மாற்றியிருக்க மாட்டேனா? கூரையில் ஆறு இடத்தில் ஒழுகுகிறது.

ஒருமுறை முழுவதும் எழுதிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் வேறு கவலை. சரியாக எழுதினால் ஒரு சுனைக்கு ஆபத்து. எனவே அந்த மலைக்கிராமத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இருந்த வீடுகளின் எண்ணிக்கையையும் மாற்றியிருக்கிறேன். எண்ணிக்கையை மாற்றி எழுதுவது எனக்குச் சோற்றில் கல் கடிபட்டது போல இருக்கிறது. இருந்தாலும் மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது நிலவியல். கனிமம் தேடும் துறையில் சேர்ந்து, முதல் சில ஆண்டுகள் சுத்தியலும் பையும் சுமந்து, அனுப்பிய ஊருக்கெல்லாம் போனேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டது இரண்டே விஷயம்: வெயில் ஏறும் முன் நடக்க வேண்டும், பையின் கழுத்தை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். பிறகு கள்ளக்குறிச்சி முகாமுக்கு மாற்றினார்கள். அங்கேதான் முகாம் தலைவர் சதாசிவம் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

வெள்ளிச் சுரங்கம் என்ற பேச்சு எங்களுக்கு முன்பே இருந்தது. ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்தில் வெள்ளி வெட்டி எடுத்தார்களாம். கீழே இருந்து படை வருகிறது என்று கேள்விப்பட்டதும் சுரங்கத்தின் வாயைப் பாறையால் அடைத்துவிட்டார்களாம். அடைத்த ஆட்கள் யாரும் உயிரோடு திரும்பவில்லையாம். இந்தக் கதையை எழுதி, எனக்கு இடம் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு, தியாகதுருகத்திலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். மலைமேல் வெள்ளிமலை என்றே ஓர் ஊர் இருப்பதை எல்லோரும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். "பேரைத் தோண்டி உலோகம் எடுக்க முடியாது, வேலாயுதம்" என்பார் சதாசிவம் சார்.

ஆனால் அவர் கடிதங்களை ஒதுக்கவும் இல்லை. ஒவ்வொன்றிலும் சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். மொத்தம் பதினேழு குழிகள். பதினொன்று பழைய காலத்தில் இரும்புக்கல் தோண்டிய பள்ளங்கள். அருகிலேயே இரும்பு உருக்கிய கசடு, சிட்டம், குவிந்து கிடந்தது. நான்கு வௌவால் குகைகள். ஒன்றில் முள்ளம்பன்றி இருந்தது. ஒன்று யாரோ பாதியில் கைவிட்ட கிணறு. எங்கள் ஜீப் ஓட்டுநர் பாஷா பாய் கள்ளக்குறிச்சிக்காரர். முள்ளம்பன்றிக் குழியிலிருந்து நான் ஓடிவந்ததைப் பார்த்து, "வெள்ளி கம்மியா இருந்தாலும் ஊசி ஜாஸ்தி சார்" என்றார். அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சதாசிவம் சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நல்லது என்றும் சொல்ல மாட்டார், தவறு என்றும் சொல்ல மாட்டார். தவறு என்றால் பையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். எங்கே தவறு என்று நானேதான் தேட வேண்டும். பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு சீட்டு. இரண்டிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். மண்ணைப் பார்ப்பதற்கு முன் முடிச்சைப் பார்ப்பார். டீயில் சர்க்கரை போட மாட்டார். மதியச் சோற்றை நின்றுகொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டால் தூக்கம் வரும் என்பது அவர் கட்சி.

குழி தேடுவதை அவர்தான் நிறுத்தினார். மலை ஒரு சுரங்கத்தை மரம் வளர்த்து மறைத்துவிடலாம்; ஆனால் மழையிடமிருந்து மறைக்க முடியாது என்றார். மேலே எங்காவது வெள்ளி இருந்தால் தண்ணீர் அதைத் துகள்துகளாகக் கீழே கொண்டுவரும். எனவே ஒவ்வொரு ஓடையிலும் மண் எடுக்க வேண்டும். எந்த ஓடையில் வெள்ளி தெரிகிறதோ அதில் மேல்நோக்கி ஏற வேண்டும். எங்கே போனதும் வெள்ளி நின்றுவிடுகிறதோ, அங்கேதான் அதன் பிறப்பிடம்.

எடுத்த மண்ணை உலர்த்தி, நுண் சல்லடையில் சலித்து, ஒரு விரிப்பில் கூம்பாகக் குவிப்போம். கூம்பின் தலையை அமுக்கித் தோசை போலத் தட்டையாக்கி, நான்காக வகுந்து, எதிரெதிர்க் கால் இரண்டைச் சேர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். மற்ற இரண்டு கால் முகாமில் இரும்புப் பெட்டியில் இருக்கும். ஆய்வுக்கூடம் தன் பாதியை அரைத்து, அமிலத்தில் கரைத்து, எண்ணாக மாற்றித் திருப்பி அனுப்பும். சந்தேகம் வந்தால் மறுபடி சோதிக்க நம் பாதி இருக்கும். சந்தேகமே வராவிட்டாலும் அந்த இடத்து வேலை முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. அது விதி.

அப்படித்தான் அந்தக் கிராமத்து ஓடைக்கு வந்தோம். இருபத்துமூன்று வீடுகள். மேலே ஒரு கரும்பாறை. அதன் அடியில் சுனை. சுனைத் தண்ணீர்தான் ஊருக்குக் குடிநீர், வேறு ஊற்று இல்லை. வழிந்தது ஓடையாக இறங்கிச் சாமைக் கொல்லைகளைத் தாண்டிக் காட்டுக்குள் போகும். முதல் முறை ஒன்பது பை எடுத்தோம். எண்கள் வந்தபோது சதாசிவம் சார் தாளை இரண்டு முறை படித்தார். வெள்ளி கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

இரண்டாம் முறை பதினான்கு பை எடுத்தோம். வெள்ளி கூடியிருந்தது. மழை முடிந்து மூன்றாம் முறை போய்ச் சுனை வாயையும் தாண்டி ஏறிப் பதினெட்டுப் பை எடுத்தோம். இன்னும் கூடியிருந்தது. அதுமட்டுமல்ல, கரும்பாறைக்கு மேலே எடுத்த பைகளில் ஒன்றுமே இல்லை. பாறைக்குக் கீழே இருந்து திடீரென்று தொடங்கியது. பாடப்புத்தகத்தில் வரைந்தது போல அவ்வளவு சுத்தமாக ஓர் எல்லையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு சதாசிவம் சார் டீயில் சர்க்கரை போடச் சொன்னார்.

மேலிடத்துக்கு எழுதினார். துளை போடும் இயந்திரத்துக்கு அனுமதி வந்தது. துளை விழ வேண்டிய இடம் கரும்பாறை. அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறும்போது ஜீப்பில் பாஷா பாய் கேட்டார்: "பாறையில ஓட்டை போட்டா சுனை இன்னா ஆவும் சார்?"

"தண்ணி வேற வழி தேடிக்கலாம்" என்றார் சதாசிவம் சார்.

"தேடலைன்னா?"

"வராம போயிடும்."

"அப்ப ஊரு?"

ஆட்சியருக்குத் தகவல் சொல்லி, தண்ணீர்த் தொட்டி கட்டித்தர வேண்டும் என்று விதியில் இருந்தது. தொட்டியில் ஊற்றத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று இல்லை. டேங்கர் லாரி அந்த ஊருக்கு ஏறாது. கடைசி மூன்று வளைவுகளில் எங்கள் ஜீப்பே முனகும். நான் உத்தரவு போடுகிறவன் அல்ல. ஆனால் அந்த நாற்பத்தொரு பையையும் கட்டியது என் முடிச்சு.

துளை போடும் வண்டி கச்சிராயபாளையம் வந்து நின்றதும், பாறையில் குறி போட சதாசிவம் சார் என்னை முன்னால் அனுப்பினார். வெள்ளைப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் வேலை. பெயின்ட் காயும்வரை சும்மா நின்றேன். சும்மா நிற்பது எனக்கு வராது. பாறையின் தண்ணீர்ப் பக்கத்தை, குனிந்தால் மட்டுமே தெரியும் பக்கத்தை, சுற்றிப் பார்த்தேன்.

அங்கே பாறை வழவழப்பாக இருந்தது. அம்மிக்கல்லில் கை படும் இடம் போலக் குழிந்திருந்தது. குழியில் பளபளவென்று கோடுகள். விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நகைக்கடை உரைகல்லில் இருப்பது போல ஒரு மினுக்கம் விரலில் ஒட்டியது. கீழே இருந்து ஒரு கை மண் அள்ளித் தட்டில் போட்டு அலசினேன். கடைசியில் நின்ற துகள்களை லென்ஸில் பார்த்தேன். கல்லிலிருந்து வரும் வெள்ளி கம்பியாகவோ இலையாகவோ படிந்திருக்கும். இவை சுருண்டிருந்தன. இழைப்புளியிலிருந்து விழும் மரச்சுருள் போல, எதிலிருந்தோ தேய்த்து உதிர்ந்தவை.

எங்களுக்குச் சமைத்துப் போட்டது அந்த ஊர் சடையம்மா. தண்ணீர் எடுக்க அப்போது குடத்தோடு வந்தாள். பாறையில் இருந்த பெயின்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். அவள் காலைப் பார்த்தேன். நாங்கள் முதலில் வந்தபோது இரண்டு காலிலும் தண்டையும் மெட்டிகளும் போட்டிருந்தாள். களி கிண்டும்போது தண்டை கல்லில் இடிபட்டுச் சத்தம் கேட்கும். இப்போது ஒரே ஒரு மெட்டி.

"ஏம்மா சடையம்மா, தண்டை எங்கே? அடகு வெச்சுட்டியா?"

"அடகா? இதக் கேக்கத்தான் இவ்ளோ நாளா?" என்றாள். "எல்லாம் உங்களுக்குத்தான் போச்சு."

"எனக்கா?"

"ஆமாங்க சார். மண்ணு எடுத்தீங்க இல்ல? கன்னிமாரு மண்ணு. நாங்க கொடம் வெச்சா, கொடத்து அடியில ஒட்டுன மண்ணக்கூட கழுவி வுட்டுட்டுத்தான் எடுப்போம். எடுத்தவன் தெண்டம் கட்டணும். எடுத்தவன் கட்டலைன்னா ஊரு கட்டணும். இல்லாட்டி சுனை வத்திப்பூடும்."

"தெண்டம்னா?"

"வெள்ளி. ஒரு பைக்கு ஒரு வெள்ளி. கல்லுல தேச்சுத் தேச்சு தண்ணியில வுடணும். தேயற வரைக்கும் தேச்சுட்டு, மிச்சத்தை வளைச்சு உள்ள போடணும். யாருக்கும் அப்பறம் ஒதவக் கூடாது."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது பைக்கு ஒன்பது. பதினான்குக்குப் பதினான்கு. பதினெட்டுக்குப் பதினெட்டு. நாங்கள் மண் எடுக்க எடுக்க அவர்கள் வெள்ளியைத் தேய்த்தார்கள். அவர்கள் தேய்க்கத் தேய்க்க எங்களுக்கு வெள்ளி கூடியது. கூடக் கூட நாங்கள் மறுபடி மண் எடுக்க வந்தோம். நாங்கள் வருவதற்கு முன்னும், சுனையில் காலை வைத்தவன், மரம் வெட்டிப் போட்டவன் என்று காலங்காலமாகத் தெண்டம் விழுந்திருக்கிறது; முதல் ஒன்பது பையில் தெரிந்தது அதுதான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சர்க்காரு ஆளுங்ககிட்ட தெண்டம் கட்டுன்னு சொல்லி, யாரு அடி வாங்கறது?" என்றாள். பெயின்டைக் காட்டினாள். "இதுக்கும் ஒண்ணு இருக்குது. யாரு காலுல இருந்து கழட்றதுன்னு ஊர்க்கவுண்டருதான் சொல்லணும்."

மறுநாள் காலை சதாசிவம் சார் மேலே வந்தார். தட்டில் இருந்த சுருள்களைக் காட்டினேன். லென்ஸை வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பாறையின் வழவழப்பை உள்ளங்கையால் தடவினார். பிறகு ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரை வரச்சொல்லி, கரையிலேயே உட்கார்ந்து பேசினார். கவுண்டருக்கு எழுபது வயதிருக்கும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கைத்தடியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு பதில் சொன்னார்.

"ஒரு பைக்கு ஒண்ணுதானா? பெரிய பைக்கும் சின்னப் பைக்கும் ஒண்ணேதானா?"

"பைய எதுக்குங்க அளக்கணும்? எடுத்தது எடுத்ததுதானே."

"எப்போ தேய்ப்பீங்க?"

"உங்க வண்டி எறங்குன சத்தம் அடங்குனதும்."

"பாறைக்கு மேல் பக்கம் எப்பவாவது?"

"மேல எதுக்குங்க? கன்னிமாரு இங்கதான கீறாங்க."

சதாசிவம் சார் எழுந்து கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தார். "முறையில் தப்பில்லை, வேலாயுதம்" என்றார். "எண்ணும் சரி. நாமதான் உள்ளே கலந்துட்டோம்."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அனுமதி வந்தாயிற்று, வண்டி அடிவாரத்தில் நிற்கிறது. துளை போட்டுவிட்டு, வெள்ளி அகப்படவில்லை என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பத்தில் ஒன்பது துளை அப்படித்தான் முடியும். துளை போடாமல் வண்டியைத் திருப்பினால்தான் கேள்வி வரும். அந்த ஆண்டு அவருக்குப் பதவி உயர்வும் வரவேண்டியிருந்தது.

பாஷா பாயைக் கூப்பிட்டு, "கீழே போய்ப் போர் வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றார்.

"இன்னான்னு சொல்லி அனுப்பறது சார்?"

"நான் சொன்னேன்னு சொல்லி."

வண்டி திரும்பியது. உண்மைக் காரணத்தை எழுதிவிடுவோம் என்றேன் நான். தெண்டம் கட்டிய வெள்ளி ஓடையில் கலந்தது, அவ்வளவுதானே என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அறிக்கையை எத்தனை பேர் படிப்பாங்க? அதில் ஒருத்தன் சும்மா இருப்பானா? ஒரு மாசத்துல சாக்கும் சல்லடையுமா வந்து சுனையை அள்ளிட்டுப் போயிடுவாங்க. துளை போட்டாலாவது தண்ணி பிழைக்க ஒரு வாய்ப்பு இருந்தது" என்றார். பிறகு எழுதினார்: மாதிரி எடுத்த முறையில் மாசு கலந்துவிட்டது, முடிவுகள் செல்லாது, பொறுப்பு என்னுடையது. மூன்றே வரி. முறையில் தப்பில்லை என்று என்னிடம் சொன்ன அதே மனிதர்.

மேலிடம் விடுமா? முகாமில் இருக்கும் பாதி மண்ணை அனுப்பு, நாங்களே சோதிக்கிறோம் என்று பதில் வந்தது. அனுப்பினால் அதே வெள்ளி அங்கேயும் தெரியும். துளை போடும் வண்டி மறுபடி வரும். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரும்புப் பெட்டியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

"சார், வேலை முடியும்வரை..." என்று ஆரம்பித்தேன்.

"முடிக்கத்தான் போறோம்" என்றார்.

நாற்பத்தொரு பைகளையும் சுனைக் கரையில் வரிசையாக வைத்தோம். ஊரே வந்து நின்றது. நான் எண்ணைப் படிக்க, சதாசிவம் சார் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, எடுத்த இடம் பார்த்துக் கொட்டினார். இரட்டை முடிச்சு போட்டதற்கு என்னை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திட்டினார். நாற்பத்தொன்றும் முடிந்ததும் ஊர்க்கவுண்டர் காலிப் பைகளைப் பார்த்தார்.

"பாதிதான் வந்துகீது" என்றார்.

"மீதியை அங்கே அமிலத்துல கரைச்சுட்டாங்க."

"மண்ணையா? எதுக்குங்க?"

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க."

"எங்களக் கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே!" என்றாள் சடையம்மா. பெண்கள் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. திரும்பி வராத பாதி மண்ணுக்குத் தெண்டம் ஏற்கெனவே கட்டியாயிற்று, அது நேராகிவிட்டது என்றார். பாறையில் போட்ட குறிக்குத்தான் பாக்கி. அந்தப் பெயின்டை நான் அதற்குள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன். துடைத்தாலும் போட்டது போட்டதுதான் என்றார். சடையம்மா குனிந்து, இருந்த ஒரு மெட்டியில் கை வைத்தாள்.

"இரும்மா" என்றார் சதாசிவம் சார்.

பெரிய மரம் ஒன்றின் பின்னால் போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. பெல்ட் கொக்கி சத்தம் கேட்டது. பாஷா பாய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு வெள்ளி அரைஞாண் இருந்தது. இடுப்பில் கிடந்து கிடந்து தட்டையாகியிருந்தது.

பாறைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, பேண்ட் நனைய நனையத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கத் தெரியவில்லை, கை வழுக்கியது. சடையம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இப்டி சாய்ச்சு புடிங்க சார், கல்லு வாங்கிக்கும்" என்று காட்டினாள். வெயில் ஏறும்வரை தேய்த்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் மிச்சத்தை வளைத்து உள்ளே போட்டுவிட்டு எழுந்தபோது, கவுண்டர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இனிமே மண்ணு எடுக்க வந்தீங்கன்னா, கழட்ட இன்னா சார் வெச்சிக்கினு கீறீங்க?"

சதாசிவம் சார் நனைந்த முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்லை கவுண்டரே. அதனால வர மாட்டோம்."

அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. மண் மாதிரிகளை அழித்ததற்கு விளக்கம் கேட்டு, வேறு மாநில எல்லையில் ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். நான் பணியில் இருந்தவரை அந்த ஓடை எங்கள் வரைபடத்தில் முடிந்த வேலை என்றே இருந்தது.

இப்போது இருப்பு கொள்ளாமல் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் துறையிலிருந்து ஓர் இளைய அதிகாரி போன் செய்தார். மரியாதையான பையன். மலை முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓடை மண் எடுக்கப்போகிறார்களாம். கட்டத்தைக் கணினி தேர்ந்தெடுக்குமாம். எந்த ஊரை விடுவது என்று அவரிடம் சொல்ல முடியாது. ஒரு பெயரை விடச் சொன்னால், முதலில் அங்கேதான் போவார்கள்.

எனவே பெயரில்லாமல் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். கல்வராயன் மலையில் ஏதோ ஒரு சுனைக்குக் கீழே உங்களுக்கு வெள்ளி கிடைக்கும். நிச்சயம் கிடைக்கும், நாங்கள் போனபோது இருந்ததைவிட அதிகமாகக் கிடைக்கும். இரண்டாம் முறை போங்கள். வெள்ளி கூடியிருந்தால் மூன்றாம் முறை பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு மேலே ஏறி, குடத்தோடு எதிரே வரும் பெண்ணின் காலைப் பாருங்கள்.